உத்தேச விடைக்குறிப்பு: தரவுத்தள சர்வரைச் சோதிப்பது பற்றி

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று நீளும் தொழிற்பேட்டைகளில் எந்த ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குள் போனாலும் ஒரு காட்சி மாறாது. வெர்னியர், மைக்ரோமீட்டர், பிளக் கேஜ், டார்க் ரெஞ்ச் என ஒவ்வொரு கருவியின் மேலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கடைசியாகக் காலிபரேஷன் செய்த தேதியும் அடுத்த தேதியும் அதில் இருக்கும். தேதி தாண்டிய கேஜால் அளந்த பீஸை ஆடிட்டர் ஏற்கமாட்டார். பீஸ் சரியாகவே இருக்கலாம். ஆனால் சரி என்று சொன்ன கருவியை நம்ப ஆதாரம் இல்லை.

அதே ஆலையின் சர்வர் அறையில் தரவுத்தள சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அது மைஎஸ்க்யூஎல்லோ மரியாடிபியோ போஸ்ட்கிரெஸ்ஸோ, அதை உருவாக்கியவர்கள் ஆயிரக்கணக்கான சோதனைகளை ஓட்டிய பிறகே வெளியிட்டிருப்பார்கள். அந்தச் சோதனைகளும் ஒருவகையில் கேஜ்கள்தான். அவற்றின் மேல் ஸ்டிக்கர் எதுவும் கிடையாது.

இந்த இடைவெளியிலிருந்து எழும் கேள்வி பழையது: சர்வர் கொடுத்த பதில் சரி என்று சோதனைக்கு எப்படித் தெரியும்? சோதனையால் பிழை இருப்பதைக் காட்டமுடியும், இல்லை என்று காட்டமுடியாது என 1969–70இல் டைக்ஸ்ட்ரா சொன்னது பலருக்கும் நினைவிருக்கும். அவ்வளவாக நினைவில் நிற்காதது இன்னொன்று. பிழை இருப்பதைக் காட்டுவதற்கே சரியான விடை முதலில் கையில் இருக்கவேண்டும். 1978இல் வில்லியம் ஹௌடன் அந்த விடையைச் சொல்லக்கூடிய மூலத்துக்கு 'டெஸ்ட் ஆரக்கிள்' என்று பெயர் வைத்தார், குறி சொல்பவர் என்ற பொருளில். (ஆரக்கிள் நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தரவுத்தளம் பற்றிய கட்டுரையில் இந்தக் குழப்பம் தவிர்க்கமுடியாதது.) சில நிரல்களுக்கு நடைமுறையில் அப்படி ஒரு ஆரக்கிளே கிடைக்காது என்று 1982இல் எலைன் வெயூக்கர் வாதிட்டார். நமக்குத் தமிழில் இதைவிடப் பழகிய சொல் இருக்கிறது: விடைக்குறிப்பு. டிஎன்பிஎஸ்சி தேர்வு முடிந்ததும் உத்தேச விடைகளை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறது. விடைக்குறிப்பே தவறாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அது. தரவுத்தள உலகில் அந்த ஒப்புதல் மெதுவாகத்தான் வந்தது.

தவறான பதிலும் வராத பதிலும்

கார் ஆலையில் தரவுத்தள சர்வர் செய்யும் வேலைகளில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, சீக்வென்ஸ். பெயிண்ட் ஷாப்பிலிருந்து பாடி எந்த வரிசையில் வெளியே வருகிறதோ அதே வரிசையில் சீட் வெண்டரிடமிருந்து சீட் வந்து லைனில் இறங்கவேண்டும். அந்த வரிசையை வைத்திருப்பது ஒரு டேபிள். இரண்டாவது, டிரேஸபிலிட்டி. எந்த வண்டியின் எந்த நட் எத்தனை நியூட்டன் மீட்டரில் முறுக்கப்பட்டது என்பதை நட் ரன்னர் அனுப்ப, சர்வர் பதிந்து வைக்கிறது. ஏதேனும் ஒரு பேட்ச் பழுது என்று பின்னால் தெரிந்தால், எந்தெந்த வண்டிகளைத் திரும்ப அழைப்பது என்பதை அந்தப் பதிவுதான் சொல்லும்.

சர்வர் பதிலே தராவிட்டால் லைன் நிற்கும். ஆண்டன் விளக்கு எரியும், எல்லோரும் ஓடிவருவார்கள், அடுத்த ஷிஃப்டுக்குள் ஏதாவது நடக்கும். சர்வர் தவறான பதில் தந்தால் எந்த விளக்கும் எரியாது. வண்டி கேட்டைத் தாண்டி, டீலரிடம் போய், ஆறு மாதம் கழித்து ஒரு புகாராகத் திரும்பி வரும். இந்த இரண்டாவது வகைப் பிழைதான் சோதனை எழுதுபவர்களுக்குப் பெரும் சவால். கீழே வரும் ஒவ்வொரு நிலைப்பாட்டையும் அதை வைத்துத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

பதிந்து வைத்த விடை

மிகப் பழைய, இன்றும் மிகப் பரவலான வழி இதுதான். மைஎஸ்க்யூஎல்லும் 2009இல் அதிலிருந்து பிரிந்த மரியாடிபியும் பயன்படுத்தும் சோதனை ஏற்பாட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு கோப்புகள். 'டெஸ்ட்' என்ற நீட்சி உள்ளதில் கட்டளைகள். 'ரிசல்ட்' என்ற நீட்சி உள்ளதில் எதிர்பார்க்கும் வெளியீடு. ஓட்டும் நிரல் தனியாக ஒரு சர்வரைக் கிளப்பி, கட்டளைகளைக் கொடுத்து, வந்த வெளியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் பாஸ். ஒத்துப்போகாவிட்டால் வந்ததை 'ரிஜெக்ட்' என்ற நீட்சியுள்ள கோப்பில் போட்டுவைக்கும். சிவப்புப் பெட்டியில் ரிஜெக்ட் பீஸைப் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பெயர் அந்நியமாக இராது. போஸ்ட்கிரெஸிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான்: கட்டளைக்கு ஒரு கோப்புறை, எதிர்பார்ப்புக்கு ஒரு கோப்புறை, வேறுபாடுகளை எழுத ஒரு கோப்பு.

இதன் பலம் எளிமை. எஸ்க்யூஎல் தெரிந்த யாரும் சோதனை எழுதலாம். வாடிக்கையாளர் ஒரு பிழையைச் சொன்னால், அவர் கொடுத்த கட்டளையையே சோதனையாக மாற்றிவிடலாம். திருத்திய பிழை மறுபடி தலைதூக்கினால் அன்றே தெரிந்துவிடும். 2004 முதல் போஸ்ட்கிரெஸுக்காக உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளில், வெவ்வேறு இயங்குதளங்களில், இந்தச் சோதனைகளைத் தொடர்ந்து ஓட்டிவருகிறார்கள். இந்த எளிமை இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

பலவீனம் அந்த ரிசல்ட் கோப்பு பிறக்கும் விதத்தில் இருக்கிறது. ஓட்டும் நிரலுக்கு 'ரெக்கார்ட்' என்று ஒரு தேர்வு உண்டு. அதைக் கொடுத்தால், சர்வர் இப்போது என்ன பதில் சொல்கிறதோ அதையே எதிர்பார்க்கும் விடையாகப் பதிந்துவிடும். மாணவன் எழுதிய விடைத்தாளையே விடைக்குறிப்பாக அச்சடிப்பது போன்றது இது. பதியுமுன் எழுதியவர் வரிவரியாகப் பார்த்துச் சரி சொல்லவேண்டும் என்பது விதி. நானூறு வரி வெளியீட்டை யார் அப்படிப் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஆகவே இந்த வகைச் சோதனை உறுதியாகச் சொல்வது, சர்வர் நேற்று சொன்னதையே இன்றும் சொல்கிறது என்பதை மட்டுமே.

சின்னச் சின்ன உபத்திரவங்களும் உண்டு. வரிசைப்படுத்தச் சொல்லாத கேள்விக்குச் சர்வர் எந்த வரிசையில் பதில் தந்தாலும் அது சரியே. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனைக்கு அது புரியாது. அதனால் மைஎஸ்க்யூஎல் சோதனைகளில் வெளியீட்டை அடுக்கிவிட்டு ஒப்பிடு என்று தனிக் கட்டளை வைத்தார்கள். போஸ்ட்கிரெஸில் ஒரே சோதனைக்கு இரண்டு மூன்று விடைக்கோப்புகள் இருக்கலாம். எதனுடன் ஒத்துப்போனாலும் பாஸ். நியாயமான ஏற்பாடுதான். ஆனாலும் ஒரு துளைக்கு மூன்று பிளக் கேஜ் வைத்து, ஏதாவது ஒன்று நுழைந்தால் ஓகே என்று சொன்னால் தரப்பிரிவில் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காமல் இருக்கமுடியவில்லை.

கேஜையே சோதிக்க ஆலைகளில் ஒரு பழைய வழி இருக்கிறது. ஷிஃப்ட் தொடங்கும்போது, தெரிந்தே பழுதாகச் செய்த என்ஜி மாஸ்டர் பீஸைச் சோதனை இயந்திரத்தில் வைப்பார்கள். இயந்திரம் அதைத் தள்ளினால்தான் அன்றைக்கு அதை நம்பலாம். வாகனத் துறையின் ஐஏடிஎஃப் 16949 தரநிலையும் பிழைதடுப்புச் சாதனங்களை இப்படிச் சரிபார்க்கச் சொல்கிறது. நிரல் உலகில் இதற்கு இணையானதை டிமில்லோ, லிப்டன், சேவர்ட் மூவரும் 1978இல் முன்வைத்தார்கள்: நிரலில் வேண்டுமென்றே சிறு பிழையைச் செருகி, சோதனை அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது. கருத்து அழகானது, செலவு கடுமையானது. பல லட்சம் வரிகள் கொண்ட சர்வரில் ஒவ்வொரு செருகலுக்கும் மறுபடி கட்டமைத்து, சோதனைத் தொகுப்பு முழுவதையும் ஓட்டவேண்டும். தரவுத்தள சர்வர்களில் இது அன்றாட வழக்கமாகாததற்கு அதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம்.

பக்கத்து மேசையைப் பார்த்து எழுதுவது

விடைக்குறிப்பு இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவன் என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்கலாம். 1998இல் மைக்ரோசாஃப்டின் டான் ஸ்லட்ஸ் செய்தது இதைத்தான். ராக்ஸ் என்ற அவருடைய கருவி எஸ்க்யூஎல் கேள்விகளைத் தற்போக்காக உற்பத்தி செய்து, பல நிறுவனங்களின் சர்வர்களிடம் கொடுத்து, பதில்களை ஒப்பிட்டது. எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தின் குழு இதையே பெரிய அளவில் செய்து, பல லட்சம் கேள்விகளுக்குப் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள் தரும் விடைகளோடு தன் விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தது.

இடறுவது மொழி வழக்கில். ஒன்றை இரண்டால் வகுக்கச் சொன்னால் மைஎஸ்க்யூஎல் அரை என்கிறது. போஸ்ட்கிரெஸ் முழு எண் வகுத்தல் என்று எடுத்துக்கொண்டு பூஜ்யம் என்கிறது. வெற்றுச் சரத்தை ஆரக்கிள் 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) என்றே பார்க்கிறது. மற்றவை அப்படிப் பார்ப்பதில்லை. யாரும் தவறு செய்யவில்லை, ஆனால் விடை வேறு. இத்தகைய இடங்களை விலக்கிக்கொண்டே போனால் எல்லோருக்கும் பொதுவான எஸ்க்யூஎல் என்பது மெலிந்த துண்டாகத்தான் மிஞ்சும்.

இதைவிட ஆழமான ஆட்சேபமும் இருக்கிறது. 1986இல் ஜான் நைட், நான்சி லெவ்சன் இருவரும் ஒரே தேவைக்காகத் தனித்தனியாக எழுதப்பட்ட 27 நிரல்களை ஒப்பிட்டார்கள். தனித்தனியாக எழுதியவர்கள் தனித்தனி இடங்களில்தான் தவறுவார்கள் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. கடினமான இடத்தில் பலர் சேர்ந்தே தவறினார்கள். பக்கத்து மேசையும் அதே கணக்கில் தடுமாறியிருந்தால், பார்த்து எழுதிப் பயனில்லை.

தொட்ட வரிகளின் கணக்கு

எதிர்பார்க்கும் விடை எங்கிருந்து வந்தாலும் சரி, நிரலின் எவ்வளவு பகுதியைச் சோதனை தொட்டது என்று எண்ணுவோம் என்பது இன்னொரு நிலைப்பாடு. இதன் உச்சம் எஸ்க்யூலைட். ரிச்சர்ட் ஹிப் 2000இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான பணியிலிருந்து தொடங்கிய இந்தச் சிறு தரவுத்தளம் இன்று ஏறக்குறைய எல்லாக் கைபேசிகளிலும் இருக்கிறது. அதன் ஆவணங்களின்படி 3.42 பதிப்பில் நிரல் சுமார் 1,55,800 வரிகள். சோதனை நிரல் அதைப்போல் 590 மடங்கு. விமானத் துறையின் டிஓ-178பி தரநிலை கேட்கும் எம்சி/டிசி அளவையும் முழுமையாக எட்டியதாக அக்குழு சொல்கிறது. அதாவது, ஒரு நிபந்தனைக்குள் இருக்கும் ஒவ்வொரு கூறும் தனியாக முடிவை மாற்றுவதைச் சோதனை காட்டியிருக்கிறது. காருக்குள் போகும் மென்பொருளுக்கான ஐஎஸ்ஓ 26262 தரநிலையும் மிக உயர்ந்த பாதுகாப்பு வகுப்புக்கு இதையே பரிந்துரைக்கிறது. ஆக, ஒரகடம் ஆலைகளில் ஈசியூ வேலை பார்க்கும் பொறியாளருக்கு இது புதிதல்ல.

புதிதாக இருக்கக்கூடியது அதன் பின் நடந்தது. 2015இல் மிகால் ஸலேவ்ஸ்கி, உள்ளீடுகளைத் தற்போக்காக மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்கும் தன்னுடைய ஏஎஃப்எல் கருவியை எஸ்க்யூலைட் மீது ஏவியபோது, அரைமணி நேரத்தில் அதை விழவைக்கும் 22 உள்ளீடுகள் கிடைத்தன. அவ்வளவு வரிகளையும் தொட்ட பிறகும்! எஸ்க்யூலைட் குழு இதனால் சங்கடப்படவில்லை என்பது அவர்களுக்குப் பெருமை; அந்த முறையையும் தங்கள் தொகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். எல்லா வரிகளையும் தொடுவது தேவைதான், போதுமானதல்ல என்ற முடிவுக்கு இப்போது பெரிய எதிர்ப்பு இல்லை.

விடை தெரியாமலே பிழை பிடிப்பது

கடந்த கால்நூற்றாண்டில் உண்மையான முன்னேற்றம் எங்கே என்று கேட்டால் இந்தப் பகுதியைத்தான் சுட்டுவேன். 1998இல் டி. ஒய். சென் முன்வைத்த கருத்து இது: ஒரு கேள்விக்கு விடை தெரியாவிட்டாலும், இரண்டு கேள்விகளின் விடைகளுக்கு இடையே இருக்கவேண்டிய உறவு தெரிந்திருக்கலாம். தரவுத்தளங்களுக்கு அதைக் கூர்மையாகப் பொருத்தியவர்கள் அப்போது ஈடிஎச் சூரிச்சில் இருந்த மனுவேல் ரிக்கரும் ஷெண்டோங் சூவும். 2020இல் மூன்று உத்திகளை அடுத்தடுத்து வெளியிட்டார்கள். மூன்றும் எஸ்க்யூலான்சர் என்ற கருவியில் இருக்கின்றன.

ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு ஷிஃப்டில் 480 டார்க் பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வண்டிகளுக்கு நெட்வொர்க் துண்டித்ததால் மதிப்பு வரவில்லை. அந்தக் கட்டங்களில் நல். '85க்குக் குறைவானவை எத்தனை' என்று கேட்கிறோம். சர்வர் 18 என்கிறது. 'அந்த நிபந்தனை பொய்யாகும் பதிவுகள் எத்தனை' என்றால் 455. 'அந்த நிபந்தனை உண்மையென்றும் பொய்யென்றும் சொல்லமுடியாதவை எத்தனை' என்றால் 7. மூன்றையும் கூட்டினால் 480 வந்தாகவேண்டும். 479 வந்தால் எங்கோ ஒரு வரி தொலைந்திருக்கிறது அல்லது ஒரு நிபந்தனை பிசகியிருக்கிறது. 18 சரியான விடையா என்று நமக்குத் தெரியவே வேண்டாம். கருவி இப்படிப்பட்ட கேள்விகளைத் தற்போக்காக உற்பத்தி செய்து, கூட்டிக்கொண்டே போகிறது.

(ஓர் இடைச்செருகல். '85க்குக் குறையாதவற்றைக் காட்டு' என்று கேட்டு, மீதி எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்கும் பொறியாளரின் பட்டியலில் அந்த ஏழு வண்டிகளும் இருக்காது. சர்வர் தவறவில்லை, எஸ்க்யூஎல்லின் மூன்று மதிப்புத் தர்க்கம் அப்படித்தான். விடைக்குறிப்பு சரியாக இருந்தும் கேள்வித்தாளைப் புரிந்துகொள்ளாமல் மதிப்பெண் போகும் இடம் இது.)

இரண்டாவது உத்தி, தேடலை விரைவாக்கச் சர்வர் செய்யும் குறுக்குவழிகள் வேலைசெய்யாதபடி அதே கேள்வியை மாற்றி எழுதி, இரண்டு எண்ணிக்கைகளும் ஒன்றா என்று பார்ப்பது. மூன்றாவது, டேபிளிலிருந்து ஒரு வரியை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, அது நிச்சயம் வந்தாகவேண்டிய கேள்வியைக் கட்டி, வருகிறதா என்று பார்ப்பது. இவ்வழிகளில் எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் உள்ளிட்டவற்றில் நூற்றுக்கணக்கான பிழைகள் வெளிவந்தன. அவற்றில் பல வராத பதில்கள் அல்ல, தவறான பதில்கள். நாம் தொடக்கத்தில் அஞ்சிய வகை.

எல்லை எங்கே? கூட்டலின் இரண்டு பக்கமும் ஒரே விதத்தில் தவறினால் உறவு அப்படியே இருக்கும், பிழை மறைந்துகொள்ளும். மேலும் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் கேட்கும் கேள்விகள். ஆலையில் அப்படி ஒரு கணம் கூடக் கிடையாது.

ஒரே ரெக்கார்டில் பல கைகள்

லைனில் நாற்பது ஸ்டேஷன்கள் ஒரே நேரத்தில் எழுதும். ஸ்டோர்ஸ் ஸ்டாக்கைக் கழிக்கும். ஷிஃப்ட் ரிப்போர்ட் கூட்டிக்கொண்டிருக்கும். இவை ஒன்றோடொன்று பின்னும்போது வரும் பிழைகளைப் பதிந்த விடையால் பிடிப்பது அரிது, ஏனெனில் ஒவ்வொரு ஓட்டத்திலும் பின்னல் வேறு. 2013 முதல் கைல் கிங்ஸ்பரி நடத்திவரும் ஜெப்சன் சோதனைகள் வேறு பாதை எடுத்தன. யார் எப்போது என்ன எழுதினார்கள், என்ன படித்தார்கள் என்ற வரலாற்றை முழுமையாகப் பதிந்துகொண்டு, அப்படி ஒரு வரலாறு நேர்மையான சர்வரிடம் நடந்திருக்க முடியுமா என்று பின்னால் ஆராய்வது. 2020இல் போஸ்ட்கிரெஸ் 12.3ஐ இப்படிச் சோதித்தபோது, மிகக் கறாரான 'சீரியலைசபிள்' நிலையிலேயே ஒரு மீறல் கிடைத்தது. நல்ல பெயரெடுத்த சர்வர், பெரிய சோதனைத் தொகுப்பு, பழைய பதிப்புகளிலும் இருந்த பிழை. அந்த ஆகஸ்டிலேயே திருத்தினார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போனவர்கள் ஃபவுண்டேஷன்டிபி குழு. வட்டு, நெட்வொர்க், கடிகாரம் எல்லாவற்றையும் ஒரே நிரலுக்குள் பாவனையாக வைத்து, கோளாறுகளைத் தற்போக்காகத் தூவி, பிழை வந்தால் அதே விதை எண்ணைக் கொடுத்து அச்சுப் பிசகாமல் மறுபடி நிகழ்த்தினார்கள். எழுதத் தொடங்கும் முன்பே சர்வரை அப்படித் திட்டமிட்டிருந்தால்தான் இது சாத்தியம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய சர்வருக்குப் பின்னால் ஒட்டவைப்பது கடினம். கணித வழியில் நிரூபிப்பவர்களின் நிலைப்பாடு இதற்கும் அப்பால் போகிறது. லெஸ்லி லாம்போர்ட்டின் டிஎல்ஏ பிளஸ் கொண்டு அமேசான் டைனமோடிபியில் கண்ட ஒரு பிழை வெளிப்பட 35 படிகள் கொண்ட நிகழ்வுத்தொடர் தேவைப்பட்டதாக 2015இல் எழுதினார்கள். மனிதர் யாரும் அப்படி ஒரு சோதனையை யோசித்து எழுதியிருக்க மாட்டார். ஆனால் அங்கே நிரூபிக்கப்படுவது வரைபடம். வரைபடத்தைப் பார்த்துச் செய்த பீஸ் அல்ல.

ஆலை வாசலுக்கு வெளியே எழுதிய சோதனை

இதுவரை பார்த்தவை எல்லாம் சர்வரை உருவாக்குபவர்களின் சோதனைகள். அவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிளப்பிய காலித் தரவுத்தளத்தில், நல்ல வட்டில், நல்ல இயங்குதளத்தில் ஓட்டுகிறார்கள். ஆலையில் இருப்பதோ ஏழு வருடத் தரவு.

2018இல் வெளிவந்த ஒரு சிக்கல் இந்த வேறுபாட்டை நன்றாகக் காட்டுகிறது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறியது. அதற்கு முன், அமெரிக்க ஆங்கில அமைப்பில் '11' முதலிலும் '1-1' அடுத்தும் வந்தன. அதற்குப் பின் '1-1' முதலில், '11' அடுத்து. போஸ்ட்கிரெஸ் இந்த நூலகத்தின் வரிசையை நம்பித்தான் எழுத்துகளுக்கான இண்டெக்ஸைக் கட்டியிருந்தது. இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்து, பழைய இண்டெக்ஸை அப்படியே விட்டால், இருக்கும் வரியைத் தேடினாலும் இல்லை என்று வரலாம். ஒரே பார்ட் நம்பர் இரண்டு முறை பதிவாகலாம். இணைப்புக்கோடு இல்லாத பார்ட் நம்பர் வாகனத் துறையில் எத்தனை இருக்கும்? போஸ்ட்கிரெஸின் சோதனைகள் இதைப் பிடிக்க வாய்ப்பே இல்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் இண்டெக்ஸ் அன்றைய விதிப்படி புதிதாகக் கட்டப்படுகிறது.

வட்டில் எழுதியாயிற்றா என்று இயங்குதளத்தைக் கேட்கும் கட்டளை எஃப்சிங்க். அதே ஆண்டு தெரியவந்த எஃப்சிங்க் சிக்கலும் இதே குணமுடையது. வட்டில் எழுதமுடியவில்லை என்று லினக்ஸ் ஒருமுறை சொல்லிவிட்டு, மறுமுறை கேட்டால் எல்லாம் சரி என்று சொன்னது. போஸ்ட்கிரெஸ் மறுமுறை கேட்டு நம்பியது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அது மறுமுறை கேட்பதில்லை. தானே விழுந்து, பதிவேட்டிலிருந்து மீண்டெழுகிறது.

இனி டொயோட்டா. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் அதன் 14 அசெம்ப்ளி ஆலைகளும் நின்றன. முதலில் சைபர் தாக்குதலோ என்ற பேச்சு எழுந்தது. நிறுவனம் பிறகு விளக்கியது: பாகங்களுக்கான ஆர்டரைக் கையாளும் சர்வர்களில் ஆகஸ்ட் 27 அன்று வழக்கமான பராமரிப்பு, தரவுத்தளத்தில் சேர்ந்திருந்ததை நீக்கி ஒழுங்குபடுத்தும்போது வட்டில் இடம் போதாமல் போயிற்று, மாற்று ஏற்பாடும் அதே அமைப்பில் இருந்ததால் அதுவும் விழுந்தது. சர்வர் மென்பொருளில் பிழை என்று யாரும் சொல்லவில்லை. வட்டு நிறைந்தால் என்ன ஆகும் என்று எழுதிப்பார்க்காத சோதனை அந்த ஆலைகளுடையது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் இருப்பு வைக்காமல் சீக்வென்ஸ்படி ஓடும் எந்த லைனுக்கும் இது தொலைதூரச் செய்தியல்ல.

சான்றிதழ் தருவது யார்

ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி மையத்தில் வாகனங்களைச் சோதித்து வகை ஒப்புதல் தருகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 126ஆவது விதி அதற்கு அடிப்படை. உற்பத்தி தொடங்கிய பிறகும் ஒப்புதல் பெற்றபடியே வண்டி வருகிறதா என்று பார்க்க ஏற்பாடு உண்டு. தரவுத்தள சர்வருக்கு இப்படி ஒரு மூன்றாம் தரப்பு கிடையாது. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் எஸ்க்யூஎல் தரநிலைக்கான சோதனைகளை நடத்திக்கொண்டிருந்தது. 1990களின் பிற்பாதியில் நிறுத்திக்கொண்டது. இன்று செய்பவரே சோதிப்பவர்.

அந்தச் சோதனைகளாவது எல்லோர் கண்ணிலும் படுமா? 2012இல் ஆரக்கிள் சில பிழைத்திருத்தங்களுக்கான மைஎஸ்க்யூஎல் சோதனைகளை வெளியிடாமல் விட்டது பெரும் மனக்கசப்பை உண்டாக்கியது. பாதுகாப்பு ஓட்டையைச் சோதனையே காட்டிக்கொடுத்துவிடும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எஸ்க்யூலைட்டின் நிரல் யாருக்கும் இலவசம். அதன் முக்கியச் சோதனைத் தொகுப்புகளில் ஒன்றான டிஎச்3 இலவசமல்ல. நிரலைக் கொடுத்துவிட்டுக் கேஜைப் பூட்டிவைப்பது விசித்திரமாகத் தோன்றலாம். எது விலைமதிப்புள்ளது என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பதற்கு அது சான்று.

எங்கே நிற்கிறது

இந்த நிலைப்பாடுகளில் ஒன்று மற்றொன்றை வென்றுவிடவில்லை. பதிந்த விடை பழைய பிழை திரும்புவதைத் தடுக்கிறது; உறவை வைத்துச் சோதிப்பது புதிய தவறான பதிலைக் கண்டெடுக்கிறது; வரலாற்றை ஆராய்வது பல கைகள் பின்னும் இடத்தைக் காட்டுகிறது. ஒரு குழு மூன்றையும் செய்யவேண்டும் என்பதில் இப்போது பரவலான உடன்பாடு இருப்பதாகவே தெரிகிறது.

திறந்து கிடப்பவை வேறு. ஒரு சோதனைத் தொகுப்பு தவறான பதில்களைப் பிடிப்பதில் எவ்வளவு வலுவானது என்று எண்ணால் சொல்ல, எல்லோரும் ஏற்ற அளவு இன்னும் இல்லை. தொட்ட வரிகளின் கணக்கு அதற்கு ஈடாகவில்லை. என்ஜி மாஸ்டர் முறையைச் சர்வர் அளவில் கட்டுப்படியான செலவில் ஓட்டமுடியுமா என்பது தீரவில்லை. பல ஆண்டுத் தரவும் மாறும் இயங்குதளமும் சேர்ந்து உண்டாக்கும் பிழைகளை உருவாக்குபவர் சோதிக்கவேண்டுமா, பயன்படுத்துபவர் சோதிக்கவேண்டுமா என்பதில் பொறுப்பு வரையறுக்கப்படவில்லை. என் கணிப்பில், இந்த மூன்றாவதுதான் ஆலைகளுக்கு மிக அருகில் இருக்கிறது. மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே.

மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் இரண்டின் சோதனைக் கோப்புகளும் திறந்தே இருக்கின்றன. யாரும் எழுதி அனுப்பலாம். டார்க் பதிவு, சீக்வென்ஸ் டேபிள், இணைப்புக்கோடு உள்ள பார்ட் நம்பர் என உங்கள் ஆலையில் நீங்கள் பார்க்கும் விசித்திரம் ஒன்றைச் சோதனையாக எழுதினால், ரிசல்ட் கோப்பை மட்டும் ரெக்கார்ட் செய்யாதீர்கள். பேப்பரில் கணக்குப் போட்டுக் கையால் எழுதுங்கள்.